பத்து எண்ணுவதற்குள்

போன மாதம் நஸ்ரின் போன் செய்தாள். நான் நாற்பத்திரண்டு வருஷம் நின்று வேலை பார்த்த கடைக்கு இப்போது அவள்தான் முதலாளி. "மாமா, நம்ம பையை எல்லாம் ஆன்லைன்ல போடப் போறேன். மலை ஏறுதவங்க மிலிட்டரி பையை எப்படிப் பாத்து எடுக்கணும்னு எழுதித் தாங்க. நாலு வரி போதும்" என்றாள். நாலு வரிதானே என்று நானும் சரி சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அந்த நாலு வரியை மட்டும் தனியாக எழுதத் தெரியாது என்று. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

கடை, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. போர்டில் வேறு பெயர் இருந்தாலும் ஊருக்கு அது மிலிட்டரி கடைதான். "உங்கள்ல யாரு சார் எக்ஸ் சர்வீஸ்மேன்?" என்று கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. எங்கள் முதலாளி காசிம், நஸ்ரினுடைய வாப்பா, பட்டாளத்தைக் குடியரசு தின அணிவகுப்பில் டி.வி.யில் பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்து என்.சி.சி.யிலிருந்தே முதுகு வலி என்று சொல்லிக் கழன்றுகொண்டவன். எங்கள் இருவருக்கும் பட்டாளத்தோடு இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் பட்டாளத்தின் பைகளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது பட்டாளத்துக்காரர்களுக்கே தெரியாது என்று நான் இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்வேன்.

பட்டாளம் பழசென்று கழித்துவிடுகிற சாமான்களை ஏலத்தில் எடுக்கும் வியாபாரிகள் வடக்கே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து லாரியில் மூட்டை மூட்டையாக வரும். முதுகுப் பை, தண்ணீர்க் குப்பி, மழைக்கோட்டு, தரைவிரிப்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கட்டைப் பிரித்ததும் ஒரு வாடை கிளம்பும். மெழுகு, துருப்பிடித்த பித்தளை, நாப்தலின், முகம் தெரியாத யாரோ ஒருவனுடைய வியர்வை எல்லாம் கலந்த வாடை. என் மனைவிக்கு அது பிடிக்காது. சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். வேலையிலிருந்து நின்ற இந்த மூன்று வருஷமாக என் சட்டையில் சோப்பு வாடைதான் அடிக்கிறது. எனக்கு அது பழகவே இல்லை.

சில பைகளின் மூடிக்கு உட்புறம் மையால் பெயர் எழுதியிருக்கும். நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தாகவும் இருக்கும். அதை அழிக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. வாங்குகிறவர் அழித்துத் தரச் சொன்னால், பெயர் இல்லாத வேறு பையை எடுத்துக் கொடுப்பார். ஒருவன் அதைச் சுமந்து எங்கோ ஏறியிருக்கிறான், அவன் பெயரை அழிக்க நாம் யார் என்று கேட்பார். அவர் சொன்ன பிறகு பையைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிப் போனது.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சி என்று ஒன்றும் இல்லை. ஒரு பையில் மணலை நிரப்பி என் முதுகில் மாட்டி, "இதைப் போட்டுக்கிட்டே யாவாரம் பாரு" என்றார். எட்டு நாள் அப்படியே நின்றேன். டீ குடிக்கப் போனாலும் மணலோடுதான் போக வேண்டும். எட்டாம் நாள் எந்தெந்த இடம் வலிக்கிறது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, அந்தந்த இடத்துக்கு நேரே பையில் என்ன கோளாறு இருக்கிறது என்று காட்டினார். பயிற்சி முடிந்தது.

காசிம் முதலாளி தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர். நூலையும் துணியையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கையால் பார்த்துவிடுவார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நான் மூட்டை பிரிக்கிற சாக்கில் நழுவிவிடுவேன்.

ஒரு பையை அவர் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் மூக்கு. பையைத் திறந்து முகத்தை முழுதாக உள்ளே விடுவார். பூஞ்சை வாடை இரண்டு நாள் வெயிலில் போய்விடும். மட்கிய வாடை போகாது. மட்கிய கான்வாஸ் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பாரம் ஏறியதும் தையலை ஒட்டிக் கிழியும். அடுத்தது கால். தோள்வாரின் கீழ் நுனியை மிதித்துக்கொண்டு பையை இரண்டு கையாலும் மேலே இழுப்பார். பட்டாளத்துப் பையில் வார் சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்கே இரண்டு கோடு போட்டிருக்கும். பச்சைப் புள்ளித் துணியில் எங்கேயோ தைத்து 'ஒரிஜினல்' என்று விற்கிற பையில் சதுரம் மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அந்தப் புள்ளித் துணியை அவர் கடைக்குள் விடவே மாட்டார். காட்டுக்குள் போகிறவன் எதற்குப் பட்டாளத்தான் வேஷம் போட வேண்டும், செக்போஸ்ட்டில் அவனும் பதில் சொல்ல வேண்டும் நாமும் பதில் சொல்ல வேண்டும் என்பார். வெறும் பச்சைதான் எங்கள் கடையில்.

பிறகு தண்ணீர். பைக்குள் ஒரு குடம் ஊற்றித் தொங்கவிடுவார். கான்வாஸ் முதலில் கசியும். நூல் ஊறிப் பருத்ததும் கசிவு தானாக நிற்க வேண்டும். நைலான் பையாக இருந்தால் உள்பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். பூச்சு பொருபொருவென்று கையோடு வந்தால் அந்தப் பை சந்தையில் கத்தரிக்காய் வாங்கத்தான் ஆகும். கான்வாஸ் நனைந்தால் அதுவே பாரமாகிவிடும். நைலான் இலேசு, ஆனால் முட்செடிக்கும் பாறைக்கும் தாங்காது. ஒரு நாள் நடைக்கு நைலான், பல நாள் உழைப்புக்குக் கான்வாஸ் என்பது அவர் கணக்கு.

இவ்வளவும் பைக்கு. இதற்கு மேல் ஆளைப் பார்ப்பார். கழுத்தடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை சாணால் அளப்பார். பை அதைவிட நீளமாக இருந்தால், ஆள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் கொடுக்க மாட்டார். பிறகு மணல் மூட்டைகளைப் போட்டு மாட்டிவிட்டு, மாடியில் இருந்த கோடவுனுக்கு ஏறி இறங்கச் சொல்வார். பத்தொன்பது படி.

கடைசியாகக் கழற்றுவது. ஊரில் எல்லாரும் மாட்டிப் பார்த்துப் பை வாங்குவார்கள். எங்கள் கடையில் கழற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முழுப் பாரத்தோடு நிற்கவைத்து, "கழத்துங்க" என்று சொல்லிவிட்டு எண்ண ஆரம்பிப்பார். தறி ஓடுகிற தாளத்தில் எண்ணுவார். பத்து எண்ணுவதற்குள் பை கீழே இருக்க வேண்டும். வரவில்லை என்றால் அந்தப் பை அந்த ஆளுக்கு இல்லை. எனக்கு இது வீண் வித்தை மாதிரி தோன்றியது. ஒருநாள் கேட்டே விட்டேன். "மாட்டுததுக்கு நேரம் இருக்கும்லே. கழத்துததுக்கு இருக்காது" என்றார். நானும் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

ஆலங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். அரசாங்க ஆபீசில் வேலை. நண்பர்களோடு அனுமதி வாங்கிச் செண்பகாதேவி அருவிக்கு மேலே ஒரு நடை போகிறார்களாம். இருப்பதிலேயே பெரிய பை வேண்டும் என்றார். முதலாளி பையை எடுக்கவில்லை. எதை எல்லாம் கொண்டு போகப் போகிறீர்கள் என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஜமுக்காளம் வந்தது, ஊறுகாய்ப் பாட்டில் வந்தது, டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நீங்க மலைக்குப் போறியளா, குடி மாறிப் போறியளா?" என்றார். கடையே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். பாதி அளவுப் பையோடு போனவர், திரும்பும் வழியில் கடைக்கு வந்து அதுவே கனத்தது என்று சொல்லிவிட்டுப் போனார். பையில் இடம் இருந்தால் சாமான் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று முதலாளி சொல்வது அவ்வளவு உண்மை.

புது மூட்டை வந்தால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து நான் சுமந்து பார்க்க வேண்டும். இதற்கு நான் கண்டுபிடித்த இடம் பண்பொழி திருமலை முருகன் கோயில். லீவு நாளில் பையில் மணலோடு படி ஏறுவேன். இறங்கி வந்து வார் எங்கே வெட்டுகிறது, முதுகில் எங்கே காற்றுப் போகவில்லை என்று சொல்வேன். நாலைந்து தடவை என்னைப் பார்த்துவிட்ட ஒரு அம்மா, "என்ன நேர்ச்சைப்பா இது, இப்படிப் பாரம் சுமக்கே?" என்று கேட்டு, குழந்தை வரம்தான் என்று அவரே முடிவும் செய்து, எனக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டார். அப்போது எனக்கு மூன்று குழந்தைகள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

இப்படி நிறையச் சொல்லலாம். சொல்லிக்கொண்டே இருந்தால் இசக்கி கதைக்கு வராமலே முடித்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆனி மாதம், நல்ல சாரல். வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி ஜும்மாவுக்குப் போயிருந்தார். கடையில் மழைக்கோட்டுக்கு நல்ல கூட்டம். அப்போதுதான் இசக்கி வந்தான். குற்றாலத்துக்கு மேலே மலையில் இருக்கிற பழத்தோட்டம் ஒன்றுக்கு அரிசி, பருப்பு சுமக்கிற ஆள். ஒல்லியான உடம்பு. அதுவரை எல்லாம் தலைச்சுமைதான். கழுத்து வலி தாங்க முடியவில்லை, முதுகில் போடுகிற மாதிரி ஒரு பை வேண்டும் என்றான்.

நல்ல கான்வாஸ் பையாக நானே எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தேன், மிதித்து இழுத்துப் பார்த்தேன், முதுகைச் சாணால் அளந்தேன். பை பொருந்தியது. ஆனால் அவன் தோள் சரிந்த தோள். பாரத்தோடு மாட்டினால் வார் இரண்டும் வழுக்கி வழுக்கிக் கைக்கு வந்தது. அந்தக் காலத்துப் பைகளில் நெஞ்சுக்குக் குறுக்கே வார் கிடையாது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவன் தோளில் கிடந்த துண்டை வாங்கி, இரண்டு வாரையும் நெஞ்சுக்கு நேரே இழுத்துச் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். வார் அசையவில்லை. இசக்கி இரண்டு குதி குதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எனக்கு என் மூளையை நினைத்து அப்படி ஒரு பூரிப்பு.

கழற்றிப் பார்க்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கு ஞாபகம் இருந்தது, மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாறு பேர் மழைக்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இசக்கியும் மழை வலுப்பதற்குள் மேலே போகணும் என்று அவசரப்பட்டான். முதலாளி வேறு இல்லை. பதினான்கு வருஷத்தில் பத்துக்குள் கழற்றாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போய்ட்டு வாலே என்று அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கே சாமானை ஏற்றிக்கொண்டு இசக்கியும் கூட ஒருவரும் மேலே போயிருக்கிறார்கள். வழியில் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும். முழங்கால் தண்ணீர். நடுவில் போகும்போது மேலே மலையில் பெய்த மழை செம்மண் நிறத்தில் இறங்கி வந்துவிட்டது. கூட வந்தவர் தலையில் இருந்த மூட்டையை ஒரு சாய்ப்பில் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரைக்குத் தாவிவிட்டார். தலைச்சுமையில் அது ஒரு வசதி, தலையைச் சாய்த்தால் போதும். பதினைந்து வருஷம் அப்படிச் சுமந்த இசக்கியும் பழக்கத்தில் முதலில் தலையைத்தான் சாய்த்தானாம். பாரம் முதுகிலேயே இருந்தது. பிறகு முடிச்சைத் தேடினான். நனைந்த துண்டு இறுகிக் கல்லாக இருந்தது. தண்ணீர் அவனை உருட்டிக்கொண்டு போய், பை இரண்டு பாறைக்கு நடுவில் செருகிக்கொண்டது. இடது கை வாரில் மாட்டியபடி தலை மூழ்கி மூழ்கி எழுந்தது. கூட வந்தவர் பாறை மேல் ஊர்ந்து போய் அரிவாளால் துண்டையும் வாரையும் அறுத்துத்தான் அவனை இழுத்தார்.

உயிர் தப்பியது. இடது தோளில் நரம்பு போய்விட்டது. அந்தக் கை அதற்குப் பிறகு நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவே இல்லை. சுமை தூக்கிப் பிழைக்கிற ஒருவனுக்குத் தோள் போவது என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், வார்டுக்கு வெளியே முதலாளி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"துண்டோட பத்துக்குள்ள கழத்திக் காட்டினானாலே?"

கையில் மூக்குக்கண்ணாடி இருந்தது. துடைக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். என் மூத்த மகள் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் நான் யோசித்ததா, பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதா என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"காட்டினான் முதலாளி" என்றேன்.

அவர் உள்ளே போய் இசக்கியிடமும் அதையே கேட்டார். அவன் என்ன சொல்லப்போகிறானோ என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "காட்டினேன் முதலாளி. அங்கன சரியாத்தான் வந்துது" என்றான்.

அன்று மாலை கோடவுனுக்குப் போய் அதே மாதிரி ஒரு பையில் மணலைப் போட்டு மாட்டி, என் துண்டால் நெஞ்சில் அதே முடிச்சைப் போட்டு, நானே எண்ணிக்கொண்டு அவிழ்த்துப் பார்த்தேன். காய்ந்த துண்டு, அவசரம் இல்லாத கை. பதினேழு ஆயிற்று. முதலாளியின் சோதனையை அன்றைக்கு வைத்திருந்தால் இசக்கி அந்த முடிச்சோடு கடை வாசலைத் தாண்டியிருக்க மாட்டான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி வேறு மாதிரி புரிந்துகொண்டார். கடையில் சரியாக வந்தது, ஓடையில் வரவில்லை என்றால் சோதனையே தப்பு என்று முடிவுக்கு வந்தார். தப்பு தன்னுடையது என்று ஆக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பார்த்து, கை ஓரளவு தேறியதும் இசக்கியைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அறுபட்ட வாரோடு இருந்த அந்தப் பையைக் கல்லாவுக்கு எதிரே ஆணியில் மாட்டினார். சோதனையையும் மாற்றினார். பையையும் வாரையும் ஒரு குடம் தண்ணீரால் நனைக்க வேண்டும். முழுப் பாரத்தோடு ஒரே கையால் கழற்ற வேண்டும். பத்து இல்லை, மூன்று எண்ணுவதற்குள்.

அதைச் செய்து பார்க்கிற ஆள் இசக்கிதான். அவனுக்கு இருந்ததே ஒரு கைதானே. இசக்கி ஒரு கையால் கழற்ற முடியாத பை எங்கள் கடையில் அலமாரி ஏறாது. கொக்கி சரியில்லாத பையைக் கண்டால், "இது ரெண்டு கை உள்ளவனைக் கொல்லுத பை" என்று சொல்லி ஓரமாக எறிவான். வாங்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

ஒரு வருஷம் கழித்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவனிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. என்ன கேட்கிறேன் என்று அவனுக்கு உடனே புரிந்தது. "வெளிய நீ 'காட்டினான்'னு சொன்ன சத்தம் கட்டிலுக்குக் கேட்டுது. என் வேலை போச்சு. ரெண்டு பேரு வேலையும் போவணுமா?" என்றான். சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தான். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை அவன் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவனோடு வாழ்வது சுலபம் இல்லை, ஆனால் அவன் இல்லாமல் அந்தக் கடையை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

முதலாளி படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். அது நடந்து ஆறு வருஷம் இருக்கும். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இசக்கி விசயத்துல என் கணக்கு தப்பிட்டு முத்தையா. பத்து எண்ணினது தப்பு. தண்ணி பத்து வரைக்கும் நிக்காதுலா" என்றார். முதலாளி என்று வாயைத் திறந்தேன். அவருக்கு இருமல் வந்தது. தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். இருமல் நின்ற பிறகும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் போய்விட்டார்.

இதுவரை எழுதியதும், இலஞ்சியில் இருக்கிற இசக்கி வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அந்தப் பதினேழு அவனுக்கும் புதிது. "பதினேழா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "அப்பம் முதலாளி எண்ணினது சரிதான்" என்றான். அதை நஸ்ரினிடம் கொடுக்கட்டுமா என்றேன். "குடு. எனக்காவ நீ மறைச்சது போதும்" என்றான். அவனுக்காக நான் எதையும் மறைக்கவில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதற்கு மேல் எழுதுவது போன வெள்ளிக்கிழமை நடந்தது. நஸ்ரின் கடையில் நின்றபடியே படித்தாள். ஆலங்குளத்துக்காரர் வந்த இடத்தில் சிரித்தாள். கடைசித் தாள்களை மெதுவாகப் படித்தாள். ஆணியில் தொங்கிய பையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது. "உம்மா மேலதான் இருக்காங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா" என்றாள்.

கோடவுன் இருந்த இடத்தில் இப்போது வீடு. அதே பத்தொன்பது படி. முதுகில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினேன். முதலாளியம்மா மழைக்குப் பயந்து உள்ளே எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடிக்கும்வரை அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அதுக்குப் பொறவு சாரல் விழுந்தாலே அவருக்கு உறக்கம் கெடையாது முத்தையா" என்றார். "எந்திச்சு உக்காந்து விரலை மடக்கி மடக்கி எண்ணுவாரு. ஓதுததை எண்ணுதாருன்னுதான் நான் இத்தனை வருசமா நெனச்சிருந்தேன்."

எத்தனை வரை எண்ணுவார் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"மூணு வரைக்கும்தான். மடக்கி முடிச்சதும் திரும்ப மொதல்லேருந்து."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் இன்னொருவர் வீட்டுப் படியில் அழுவோம் என்று நினைக்கவில்லை. முதலாளியம்மா என்னை ஆறுதல் சொல்லித் தேற்றவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது.

வீட்டுக்கு வந்து நஸ்ரின் கேட்ட நாலு வரியை எழுதினேன். அவள் அதை அப்படியே போட்டிருக்கிறாள்.

பையை முகர்ந்து பாருங்கள், மட்கிய வாடை இருந்தால் வேண்டாம்.

வாரை மிதித்து இழுத்துப் பாருங்கள், உங்கள் முதுகைவிட நீளமான பையை எடுக்காதீர்கள்.

வார் வழுக்கினால் துண்டால் கட்டாதீர்கள், வேறு பை பாருங்கள்.

முழுப் பாரத்தோடு மாட்டிக் கழற்றிப் பாருங்கள், பத்து எண்ணுவதற்குள் வர வேண்டும் என்று இந்தக் கடையின் பெரிய முதலாளி சொன்னார், அவர் சொன்னது சரி.